நீல வால்வு

உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. டீ சொல்லியிருக்கேன், வரும். சூப்பர்வைசர் பதினோரு மணிக்குத்தான் அதிகாரிங்களைக் கூட்டிக்கிட்டு வருவாரு. அதுக்குள்ள உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன்.

கர்ச்சீப்பை எடுத்துருங்கம்மா. மூக்கை மூடினா பழகவே பழகாது. ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும், மூணாவது நாள் நாத்தமா, எந்த நாத்தம்னு நீங்களே கேப்பீங்க. எனக்கெல்லாம் இப்ப நாத்தம்னு ஒண்ணு கிடையாது. வீட்டுலதான் சொல்லுவாங்க. என் வீட்டுக்காரி வசந்தா நான் போனதும் சட்டையை வாசல்லயே வாங்கி சோப்புத் தண்ணியில போட்டுடுவா. பஸ்ல உட்கார்ந்தா பக்கத்து சீட்டுக்காரன் மெதுவா நகருவான். நகர்ந்தா நகரட்டும், எனக்குத் தாராளமா எடம் கெடைக்குது.

எம் பேரு பூவராகன். வெளிய நகராட்சி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்னு போர்டு பார்த்திருப்பீங்க. அந்த போர்டு மாட்டின நாள்லேருந்து நான்தான் இங்க ஆபரேட்டர். நகராட்சி ஆளு இல்ல, உங்களை மாதிரி காண்ட்ராக்ட் கம்பெனி ஆளுதான். அதுக்கு முன்னாடி மோட்டார் காயில் கட்டிக்கிட்டு இருந்தேன். நல்ல கைன்னு பேரு. ரேஷன் கடை வரிசையில நின்னா, மெக்கானிக் முன்னாடி வாங்கன்னு கூப்பிடுவாங்க. இங்க வந்ததுக்கப்புறம் அதே ஆளுங்க என்ன பேரு வச்சாங்க தெரியுமா? சொல்ல மாட்டேன், காலங்காத்தால வேணாம்.

அப்படியே சன்னலுக்கு வெளிய பாருங்க. அங்க கம்பி ஜல்லடை இருக்கு பாருங்க, ஊருல இருக்கிற மொத்த தண்ணியும் மொதல்ல அதுலதான் வந்து விழும். துணி, பிளாஸ்டிக், புள்ளைங்க பொம்மை, ஒரு தடவை பல்செட்டு வந்துச்சு. முழுப் பல்செட்டு. யாரோ பாவம் கொப்பளிக்கும்போது விட்டுட்டாங்க. நான் கழுவி ஒரு வாரம் மேல வச்சிருந்தேன், யாராவது கேட்டு வருவாங்கன்னு. யாரு வருவா? எங்கேருந்து எடுத்ததுன்னு தெரிஞ்சா வாயில வைப்பாங்களா?

அந்தப் பெரிய தொட்டி, கொதிக்கிற மாதிரி இருக்கு பாருங்க, அதுதான் உயிர். நீங்க படிச்சிருப்பீங்க, பாக்டீரியான்னு. நான் புள்ளைங்கன்னுதான் சொல்லுவேன். அழுக்கை எல்லாம் அதுங்கதான் தின்னுது. அடியில காத்து அடிச்சுக்கிட்டே இருக்கணும், காத்து நின்னா செத்துரும். கல்யாண முகூர்த்தம் முடிஞ்ச மறுநாள் பாருங்க, மண்டபத்து எண்ணெய் பூரா இங்க வந்து மெதக்கும், புள்ளைங்களுக்கு மூச்சு முட்டும். அப்ப ரெண்டு கூடை பசுஞ்சாணியும் அஞ்சு கிலோ வெல்லமும் கரைச்சு ஊத்துவேன். மூணு நாள்ல எழுந்து உட்கார்ந்துரும். இது எந்தப் புஸ்தகத்துலயும் இருக்காதும்மா. ஒரு குடுவையில மொண்டு அரை மணி நேரம் வச்சா சேறு எவ்வளவு கீழ எறங்குதுன்னு பார்ப்பீங்கல்ல, நான் அது கூட வேணாம், கரையில நின்னு மோந்து பார்த்தே சொல்லிடுவேன். இன்னிக்குப் பசியா இருக்கு, இன்னிக்குச் செரிமானம் ஆகலைன்னு. அப்படிப் பார்த்துக்கிட்ட தொட்டிம்மா இது.

அது ரெஜிஸ்டர். நேத்து வரைக்கும் எழுதி முடிச்சாச்சு. மூணு மாசமா கெமிஸ்ட் இல்ல, நான்தான் எழுதினேன். ஒண்ணும் பயப்படாதீங்க, முந்தின மாசத்தைப் பார்த்து அப்படியே எழுதினதுதான், அங்கங்க ஒரு நம்பர் ஏத்தி எறக்கி. கம்பெனிக்கு ஆய்வு வந்தாத்தான் கெமிஸ்ட் ஞாபகம் வரும். நேத்து சாயங்காலம் உங்களுக்கு போன் பண்ணிருப்பாங்க, நாளைக்கே வந்து சேருன்னு. சரியா? பார்த்தீங்களா.

ஆங், அந்தப் பக்கம் தடிப்பாத்தான் இருக்கும். அதை விட்டுருங்க. ஒட்டிக்கிச்சு. தண்ணி பட்டிருக்கும். நகத்தால நோண்டாதீங்கம்மா, கிழிஞ்சுரும்.

சரி, சொல்லிடறேன், நீங்களா கேக்கறதுக்கு முன்னாடி. உங்களுக்கு முன்னாடி இருந்த கெமிஸ்டு ரெஜினான்னு ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு. அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிடும். கிறிஸ்துமஸுக்கு எனக்கும் வசந்தாவுக்கும் தனித்தனியா கேக் கொண்டாந்துச்சு. ஆனா கை சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் எழுதும். மாசி மாசம் குளோரின் போடற மோட்டார் ரிப்பேர் ஆச்சு. மோட்டாரை நானே பிரிச்சு சரி பண்ணிட்டேன், ஆனா குளோரின் கேன் வரல. சூப்பர்வைசர் கோதண்டம் இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னாரு. வரும்வரைக்கும் என்ன பண்றது? ஊர்ல குளிக்காதே, கக்கூஸ் போகாதேன்னு தண்டோரா போட முடியுமா? தண்ணி வந்துக்கிட்டே இருக்கும், நாம விட்டுக்கிட்டே இருக்கணும். தொட்டியில சுத்தமாயிடும், பார்க்கத் தெளிவாத்தான் இருக்கும். கடைசியில குளோரின் போட்டாத்தான் கிருமி சாகும்னு அந்தப் பொண்ணு சொல்லும். எனக்குத் தெரியாதா?

இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு, சிவப்புப் பேனாவால ரெஜிஸ்டர்ல எழுதிடுச்சு. குளோரின் இல்லை, மலக்கிருமி இவ்வளவு, இந்தத் தண்ணியை ஓடையில விடக் கூடாதுன்னு. அடியில ரெண்டு கோடு வேற. பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்காங்க, கிழிக்க முடியாது. நான் என்ன பண்ணுவேன்? மத்தியானம் சாப்பாட்டு டப்பாவுல மிச்சம் இருந்த சோத்துப் பருக்கையை வச்சு ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டிட்டேன். அவ்வளவுதான். அழிக்கலம்மா. ஒரு எழுத்து கூட நான் அழிக்கல. உள்ள பத்திரமா இருக்கு.

கோதண்டம் கிட்ட சொன்னேன், அந்தப் பொண்ணு சிவப்புப் பேனாவுல எழுதுதுங்க, கொஞ்சம் பக்குவமாச் சொல்லுங்கன்னு. நான் சொல்லச் சொன்னது பக்குவமா. அந்த ஆளு மறுநாளே அதை வேற ஊருக்கு மாத்திட்டாரு. அது போறப்போ அண்ணே, நீங்க ஒருத்தர்தான் நம்ம ஆளுன்னு நெனச்சேன்னு சொல்லுச்சு. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நல்லதுக்குத்தான் சொன்னேன்னு அதுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

டீயைக் குடிங்கம்மா, ஆறுது. இது கடை டீதான், இங்கத்த தண்ணி இல்ல. ஹும், சிரிக்கிறீங்களா? எல்லாருக்கும் மொத சந்தேகம் அதுதான் வரும்.

இப்ப அந்த ரோஜாச் செடிக்குப் பக்கத்துல ஒரு வெள்ளைக் குழாய் தெரியுது பாருங்க. பெயின்ட் அடிச்சு, கீழ டைல்ஸ் பதிச்சு. அதுதான் முக்கியம். சுத்தம் பண்ணின தண்ணி அதுல வரும்னு போர்டு வச்சிருக்கு. அதிகாரிங்க வந்தா நேரா அங்கதான் கூட்டிட்டுப் போவோம். குழாயைத் தொறந்து கண்ணாடி டம்ளர்ல ஒரு டம்ளர் புடிச்சு, எல்லார் முன்னாடியும் நான் குடிப்பேன். மடக்மடக்னு. குடிச்சுட்டுத் துண்டால வாயைத் துடைச்சுக்கிட்டுச் சிரிப்பேன். அவ்வளவுதான், ஆய்வு முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒருத்தனும் ரெஜிஸ்டரைப் புரட்ட மாட்டான். ஆபரேட்டரே குடிக்கிறாரு, அப்புறம் என்ன சார்னு கெளம்பிடுவாங்க.

குழாய்க்குக் கீழ ஒரு சிமெண்ட் மூடி இருக்கு. தொறந்தா ரெண்டு வால்வு. கறுப்பு வால்வைத் தொறந்தா பிளாண்ட் தண்ணி. நீல வால்வைத் தொறந்தா போர் தண்ணி. செடிக்கு ஊத்தறதுக்குப் போர் லைன் பக்கத்துலயே போகுது, அரை அங்குல பைப்பு ஒண்ணு போட்டு நானே இழுத்துட்டேன். ஒரு காலை நேர வேலை. கோதண்டத்துக்குக் கூட மொதல்ல தெரியாது. வசந்தாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் சொல்றேன், இனிமே நாம சேர்ந்து வேலை பார்க்கப் போறோம். எழுதிக்கிறீங்களா என்ன? இதை எழுதாதீங்கம்மா.

ஏமாத்துன்னு நெனைக்காதீங்க. ஆரம்பத்துல நெஜமாவே பிளாண்ட் தண்ணியைக் குடிக்கலாம்னுதான் நின்னேன். டம்ளரைப் புடிச்சுட்டேன், வாய்கிட்ட போகல. ஜல்லடையில தெனம் நான் வாரிக் கொட்டறது என்னன்னு எனக்குத் தெரியுமே. பார்க்க அவ்வளவு தெளிவா இருந்துச்சு, ஆனா போகல. அதுக்கப்புறம்தான் பைப்பு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தை மாசம் பெரிய அதிகாரி ஒருத்தர் வந்தாரு. பேப்பர்க்காரங்களும் வந்தாங்க. நான் குடிச்சேன். மறுநாள் பேப்பர்ல என் படம், நாலாம் பக்கத்துல, கலர்ல. சுத்திகரித்த நீரை அருந்திக் காட்டிய ஊழியர்னு போட்டு. டம்ளர் அப்படியே பளபளன்னு தெரியுது. டீக்கடையில எம் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்கம்மா! எந்த ஆளு நகர்ந்து உட்கார்ந்தானோ அதே ஆளு. மெக்கானிக்கேன்னு கூப்பிட்டான்.

அந்தப் படத்தை எம் பொண்ணு வெட்டி எடுத்து பிரேம் போட்டு மாட்டிக்கிட்டா. தேன்மொழின்னு பேரு. ஒரே பொண்ணு. அதுக்கு முந்தின ஆவணியிலதான் கட்டிக் குடுத்தோம், அய்யனேரிக்குப்பத்துல. பஸ் சுத்திக்கிட்டுப் போகும், முக்கால் மணி நேரம், இந்த ஓடையோடயே நடந்தா அதை விடச் சீக்கிரம் போயிடலாம். நம்ம தண்ணி போய்ச் சேர்ற ஏரி அந்த ஊரு ஏரிதான். மாப்பிள்ளை ராஜவேல் தங்கம். மாமியாக்காரிக்குத்தான் வாய். ஏதாவது கொழம்புல உப்பு கூடினாக் கூட, சாக்கடை வீட்டுப் பொண்ணுக்கு ருசி எப்படித் தெரியும்னு கேப்பாளாம். எம் பொண்ணு எங்க கிட்ட சொல்ல மாட்டா. பொங்கலுக்கு வந்தவ ராத்திரிச் சோறு திங்கறப்போ திடீர்னு அழுதா, அப்பத்தான் வசந்தா கேட்டு வாங்கினா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் சேத்துல எறங்கி நின்னது அவளை பி.எஸ்சி. படிக்க வைக்கத்தானே.

அந்தப் படம் வந்ததும் எல்லாம் மாறிப்போச்சு. நடு வீட்டுல, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டினா. யார் வந்தாலும் காட்டுவாளாம், இது எங்கப்பா, அந்தத் தண்ணியை இவரே குடிக்கிறாரு பாருங்கன்னு. மாமியா வாய் மூடிப் போச்சு. நான் போனா சம்பந்தின்னு சொல்லி வெள்ளித் தட்டு எடுத்து வைப்பாங்க. ஒரு டம்ளர் போர் தண்ணியால எம் பொண்ணு தலை நிமிர்ந்துச்சும்மா. இப்பச் சொல்லுங்க, அது ஏமாத்தா?

ம். நீங்க ரெஜிஸ்டரையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க.

இந்தப் பங்குனியில அய்யனேரிக்குப்பத்துல போர் காஞ்சு போச்சு. டேங்குல தண்ணி ஏறல. லாரித் தண்ணி மூணு நாளைக்கு ஒரு தடவை. ஏரிக்கரையில ஒரு பழைய கிணறு உண்டு, ஏரியில தண்ணி நின்னா அதுல ஊறும். அதைத் தூர் எடுத்துக் குடிக்கலாமான்னு பேச்சு வந்திருக்கு. நாலு பொம்பளைங்க, அய்யய்யோ அது டவுன் சாக்கடைத் தண்ணி, வேணவே வேணாம்னு சொல்லியிருக்காங்க. சரியாத்தானே சொல்லியிருக்காங்க? அதோட விட்டிருக்கலாம்ல? இவ எதுக்கு நடுவுல போகணும்? படத்தை ஆணியிலேருந்து கழட்டிக்கிட்டுப் போயிருக்கா. எங்கப்பாவே குடிக்கிறாரு, நீங்க என்ன சாக்கடைங்கிறீங்கன்னு. அஞ்சு மாசம் வயித்துல அப்ப.

எனக்கு போன் வந்துச்சு. காலையில, நான் தொட்டி மேல நிக்கறேன், காத்தடிக்கிற புளோயர் சத்தம். அப்பா, ஊர்ல தண்ணி இல்லப்பா, ஏரிக்கரைக் கிணத்துல எடுக்கலாமான்னு கேக்கறாங்க, நீ குடிக்கிற தண்ணிதானே இங்க வருதுன்னா. நான் எறங்கி இந்தப் பக்கம் வந்தேன். என்னம்மா விஷயம்னேன். பின்னாடி அவ மாமியா குரல் கேக்குது. அவரு வாயால சொல்லட்டும்டி, எல்லாரும் கேக்கட்டும்னு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கா. ஊர்ப் பொம்பளைங்க பூரா நிக்கறாங்க போல, கொடம் முட்டிக்கிற சத்தம் கூடக் கேட்டுச்சு.

நீங்களா இருந்தா என்னம்மா சொல்லுவீங்க? அத்தனை பேர் முன்னாடி, மாமியா காது குடுத்து நிக்கறப்போ, எம் பொண்ணு படத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறப்போ, இல்லம்மா, அது போர் தண்ணின்னு சொல்ல முடியுமா? அன்னிக்கோட குளோரின் நின்னு பத்தொம்பது நாள். எனக்குத் தெரியும். குடிக்கிறேம்மா, தெனம் ஒரு டம்ளர் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சுன்னேன். அங்க எல்லாரும் சிரிச்சாங்க. நல்ல சிரிப்புதான். தேன்மொழியும் சிரிச்சா. தேங்க்ஸ்பான்னா.

காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். அதைச் சொல்லாம இருப்பேனா? போனை வைக்கறதுக்கு முன்னாடி, எதுக்கும் காய்ச்சிக் குடிங்கன்னு சொன்னேன். சொன்னேன்னுதான் நெனப்பு. புளோயர் சத்தத்துல அதுக்குக் கேக்காம போயிருக்கலாம்.

அப்புறம் சித்திரை கடைசியில மாப்பிள்ளை போன் பண்ணாரு. மாமா, தேனுக்கு வாந்தி நிக்கல, கண்ணு மஞ்சளா இருக்குன்னு. அவங்க ஊர்ல கீழாநெல்லி அரைச்சுக் குடுத்திருக்காங்க, நாலு நாள் அதுலயே போயிடுச்சு. எங்களுக்கு மொதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருப்போம். அதுதான் நடந்த தப்பு, நாலு நாள் வீணாப் போனது. மாமியாக்காரிதான் ஆஸ்பத்திரி வேணாம்னு நிறுத்தி வச்சிருக்கா. நான் அவளைச் சும்மா விடல, ஆஸ்பத்திரி வராந்தாவுலயே நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன்.

டாக்டரம்மா சின்ன வயசு, உங்களை விட ஒரு அஞ்சாறு வயசு கூட இருக்கும். மாசமா இருக்கிறப்போ இந்தக் காமாலை வந்தா ரொம்ப ஆபத்து, தண்ணியிலேருந்துதான் வரும், எந்தத் தண்ணிம்மா குடிச்சேன்னு தேன்மொழியைக் கேட்டாங்க. அவ கட்டில்ல படுத்திருக்கா, உதடெல்லாம் வெடிச்சுப் போயி. அவ என்னைப் பார்த்தா. அப்பா, நீ சொல்லுன்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. நான் உடனே சொன்னேன், பானிபூரி டாக்டர், அது ரோட்டுக் கடை பானிபூரி நெறைய சாப்பிடும்னு. அவ மொகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா.

பானிபூரி சாப்பிட்டிருக்காம்மா. மாசி மகத்துக்கு சாப்பிட்டிருக்கா. நான் பொய் சொல்லல.

வைகாசி பொறந்து ஆறாம் நாள் வளைகாப்பு வச்சிருந்தோம். பத்திரிகை கூட அடிச்சாச்சு. வசந்தா நாலு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி பீரோவுல வச்சிருக்கா, இன்னும் அங்கதான் இருக்கு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வயித்துலயே போயிடுச்சு. ஆம்பளப் புள்ளைன்னு நர்ஸ் வந்து சொன்னாங்க. ஒரு துணியில சுத்திக் குடுத்தாங்க, மாப்பிள்ளைதான் வாங்கினாரு. என் கையில குடுக்க வந்தாரு, நான் பின்னாடி நகர்ந்துட்டேன். ஏன் நகர்ந்தேன்னு எனக்குத் தெரியல. இந்தக் கையில நான் என்னென்னவோ வாரியிருக்கேன், முகம் சுளிச்சதில்ல.

தேன்மொழி பொழைச்சுக்கிச்சு. அதைச் சொல்லணும். அந்த டாக்டரம்மா நல்லா இருக்கட்டும்.

அந்த ஊர்ல வேற மூணு நாலு பேருக்கும் வந்துச்சுன்னு சொன்னாங்க. பேப்பர்க்காரன் பதினேழுன்னு போட்டான். சரி, பதினேழுதான். எல்லாரும் எழுந்து நடமாடறாங்க. இன்னிக்கு வர்ற ஆய்வு அதுக்குத்தான். ஊர்க்காரங்க மனு குடுத்திருக்காங்க, டவுன் பிளாண்ட் தண்ணியாலதான்னு. கிணத்தை மூடி சீல் வச்சாச்சு, குளோரின் கேனும் நேத்து வந்து எறங்கிடுச்சு, பாருங்க, பதினஞ்சு கேன் வரிசையா. மூணு மாசம் கேட்டப்போ ஒண்ணு வரல.

தேன்மொழியா? அங்கதான் இருக்கு, மாப்பிள்ளை வீட்டுல. இங்க வந்து கொஞ்ச நாள் இருன்னு வசந்தா கூப்பிட்டா, வரலைன்னுட்டா. என் போனை எடுக்க மாட்டா. ஒடம்பு அசதி, பேச முடியாது பாவம். போன வாரம் பஸ் கண்டக்டர் கிட்ட ஒரு பொருள் குடுத்து அனுப்பியிருந்தா. மஞ்சப் பை. பிரிச்சுப் பார்த்தா அந்தப் படம். பேப்பர் படம், பிரேமோட. கடுதாசி ஒண்ணும் இல்ல. கண்ணாடி ஒடைஞ்சிருந்துச்சு, அதை மாத்திக் குடுக்கச் சொல்லித்தான் அனுப்பியிருக்கும். அந்த ஊர்ல பிரேம் கடை இல்ல. இங்க நம்ம பஸ் ஸ்டாண்ட் எதுத்தாப்புல இருக்கு. அந்தா, பீரோ மேல வச்சிருக்கேன் பாருங்க, பையோட. இந்த ஞாயித்துக்கெழம கொண்டு போய்க் குடுக்கணும். நேரம் ஒழியல.

அய்யோ, ஒட்டினதைப் பிரிச்சுட்டீங்களா! என்னம்மா நீங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்கு... சரி, விடுங்க. சிவப்பு எழுத்து இன்னும் அப்படியே இருக்குல்ல? தேதி பாருங்க. பங்குனி மாசம் எட்டாம் தேதிக்கு எது இங்கிலீஷ் தேதியோ அது. அதை எழுதின மூணாம் நாள்தான் எம் பொண்ணு போன் பண்ணிச்சு. ரெஜினா எழுதினதை நான் படிச்சிட்டுத்தான் ஒட்டினேன். படிக்காம ஒட்டலை.

மணி என்ன? பத்தே முக்காலா? வாங்க, குழாய்கிட்ட போயிடலாம். செருப்பைப் போட்டுக்கங்க, டைல்ஸ் வழுக்கும்.

விஷயம் என்னன்னா, இன்னிக்குப் பேப்பர்க்காரங்களும் வர்றாங்க. குடிச்சுக் காட்டினாத்தான் மனு நிக்காது, ஜனங்களுக்குப் பயம் போகும்னு கோதண்டம் சொல்லிட்டாரு. நான் காலையிலயே நீல வால்வைத் தொறந்து வச்சுட்டேன். மூடியைத் தூக்கி நீங்களே பார்த்துக்கங்க, சந்தேகம் வேணாம். டம்ளரையும் சோப்புப் போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கேன். இந்தாங்க.

இல்லம்மா, இது உங்களுக்கு. நீங்க குடிங்க.

காலையில ஒத்திகை பார்த்தேன், பாதித் தண்ணி சட்டையில ஊத்திக்கிச்சு. அதைப் படம் புடிச்சா நல்லாவா இருக்கும்? நீங்க படிச்ச பொண்ணு, கெமிஸ்ட்டு, நீங்க குடிச்சா இன்னும் நம்புவாங்க. நல்ல தண்ணிம்மா. இனிக்கும். சும்மா ஒரு டம்ளர். நாளைக்குப் பேப்பர்ல உங்க படம் கலர்ல வரும், உங்க அப்பா அம்மா பார்த்தா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க. வெட்டி எடுத்து பிரேம்...

வாங்கிக்கங்கம்மா. ஜீப்பு சத்தம் கேக்குது.

ஏம்மா கையைப் பின்னாடி கட்டிக்கிட்டீங்க? அந்த ரெஜிஸ்டரை ஏன் வெளிய எடுத்துட்டு வந்தீங்க? அவங்க கிட்ட காட்டப் போறீங்களா? வேணாம்மா. உங்களையும் வேற ஊருக்கு மாத்திடுவாங்க. நான் உங்க நல்லதுக்குத்தான்...

சரி. காட்டுங்க. நான் தடுக்கல. ஆனா நானும் குடிக்க மாட்டேன். இந்த டம்ளர் என் கையில இப்படியே இருக்கட்டும், அவங்க வந்து கேக்கட்டும். காய்ச்சிக் குடின்னு நான் சொல்லலைம்மா. தேங்க்ஸ்பான்னு அவ சொன்னதும் போனை வச்சுட்டேன்.

அந்தப் படத்துல கண்ணாடி ஒடைஞ்சிருந்துச்சுன்னு சொன்னேன்ல. ஒடையல. ஒரு கீறல் கூட இல்ல. தொடைச்சுச் சுத்தமாத்தான் அனுப்பியிருக்கா.